ரிப்போர்ட்டில் ‘பிடி-எல்1’ 60 சதவிகிதம்… பயப்பட வேண்டுமா?

இந்த வாரம் இன்பாக்ஸில் வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். திருமுல்லைவாயலிலிருந்து ஒரு வாசகி அனுப்பியது. அவருடைய அப்பாவுக்கு நுரையீரலில் புற்றுநோய். பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘பிடி-எல்1 – 60 சதவிகிதம்’ என்று போட்டிருக்கிறார்கள். டாக்டரைப் பார்க்க இன்னும் சில நாள் இருக்கிறது. அதற்குள் கூகுளில் தேடியிருக்கிறார். ‘பிடி’ என்றால் ‘புரோகிராம்டு டெத்’ என்று வந்திருக்கிறது. டெத், 60 சதவிகிதம். இரண்டையும் சேர்த்துப் படித்தால் யாருக்குத்தான் தூக்கம் வரும்?

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். அந்த 60, நோய் பரவிய அளவு அல்ல. எத்தனையாவது ஸ்டேஜ் என்பதும் அல்ல. பரிசோதனைக்கு எடுத்த சதையில் இருந்த புற்றுநோய் செல்களில், 100-க்கு 60 செல்கள் தங்கள் மேல் ஒரு குறிப்பிட்ட புரதத்தை வைத்திருக்கின்றன என்பதுதான் அதன் பொருள். இம்யூனோதெரபி என்ற சிகிச்சை பலன் தருமா என்று டாக்டர் கணிக்க உதவும் ஒரு துப்பு. நுரையீரல் புற்றுநோயில் அந்த எண் அதிகமாக இருப்பது பல நேரம் கொஞ்சம் ஆறுதலான செய்தியும்கூட.

எப்படி என்று கேட்பீர்கள். அம்பத்தூர் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பாடியில் பிரேக்ஸ் இந்தியா தொழிற்சாலை இருக்கிறது. 1960-களிலிருந்து வண்டிகளுக்கு பிரேக் செய்துகொண்டிருக்கிறார்கள். பிரேக் இல்லாத வண்டி எவ்வளவு சக்தி வாய்ந்ததாக இருந்தாலும் ரோட்டில் விட முடியாது, இல்லையா? நம் நோய் எதிர்ப்பு மண்டலமும் அப்படித்தான்.

ரத்தத்தில் ரோந்து சுற்றும் வெள்ளணுக்களில் ‘டி செல்’ என்று ஒரு வகை உண்டு. வைரஸ் புகுந்த செல், கெட்டுப்போன செல் எதைப் பார்த்தாலும் அடித்துத் தீர்ப்பது அதன் வேலை. அடித்த பிறகு நிற்க வேண்டுமே! நிற்காவிட்டால் நல்ல உறுப்பையும் தாக்கத் தொடங்கிவிடும். அதனால் டி செல்லின் மேலேயே சில பிரேக் புரதங்கள் இருக்கின்றன. ‘சிடிஎல்ஏ-4’ ஒன்று, ‘பிடி-1’ இன்னொன்று. சிடிஎல்ஏ-4 இல்லாமல் எலிகளைப் பிறக்கவைத்துப் பார்த்தார்கள், 1995-ல். மூன்று, நான்கு வாரங்களுக்குள் அவை இறந்துவிட்டன. காரணம் எந்தக் கிருமியும் இல்லை, அவற்றின் சொந்த டி செல்கள்தான்.

பிடி-1-ஐ 1992-ல் கண்டுபிடித்தது ஜப்பானின் கியோட்டோவில் டசுகு ஹோன்ஜோவின் ஆய்வகம். செல்கள் எப்படித் தாமாகவே சாகின்றன என்று தேடிக்கொண்டிருந்தபோது சிக்கிய புரதம் என்பதால் ‘புரோகிராம்டு டெத்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதன் உண்மையான வேலை பிரேக் போடுவது என்பது பல வருடம் கழித்துத்தான் தெளிவானது. பெயரை யாரும் மாற்றவில்லை. அதன் பலன், 30 வருடம் கழித்து திருமுல்லைவாயலில் ஒரு வீடு ‘டெத்’ என்ற சொல்லைப் பார்த்துப் பதறுகிறது. விஞ்ஞானிகள் பெயர் வைக்கும்போது நோயாளி வீட்டையும் கொஞ்சம் நினைக்கலாம்!

சரி, பிடி-1 பிரேக் பெடல் என்றால் பிடி-எல்1 என்ன? அந்தப் பெடலை அழுத்தும் கால். நல்ல செல்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள வைத்திருக்கும் கால் அது. புற்றுநோய் செல்கள் அதே தந்திரத்தைப் பிடித்துக்கொண்டன. அடிக்க வரும் டி செல்லின் பெடலில் காலை வைத்து அழுத்தினால் அது அப்படியே நின்றுவிடும். நோயாளிக்கு ‘எதிர்ப்பு சக்தி இல்லை’ என்று நாம் நினைக்கிறோம். பல பேருக்குச் சக்தி இருக்கிறது, பிரேக் அழுத்தப்பட்டிருக்கிறது.

பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் போன்ற மருந்துகள் அந்தக் காலுக்கும் பெடலுக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொள்கின்றன. டி செல் மறுபடி ஓடும். இந்த வழியைக் காட்டியதற்காக ஹோன்ஜோவுக்கும் அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசனுக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது. முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் நினைவிருக்கிறதா? 2015-ல் 90 வயதில், மூளை வரை பரவிய தோல் புற்றுநோய். அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு இவற்றோடு பெம்ப்ரோலிசுமாப் எடுத்துக்கொண்டார். 2024 டிசம்பரில் இறந்தபோது அவருக்கு வயது 100.

கார்ட்டர் கதையை மட்டும் கேட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகாதீர்கள். எண்ணையும் கேளுங்கள். பிடி-எல்1 50 சதவிகிதமும் அதற்கு மேலும் உள்ள, முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 305 பேரிடம் பெம்ப்ரோலிசுமாபையும் கீமோவையும் ஒப்பிட்டார்கள். 5 ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள், இம்யூனோதெரபியில் தொடங்கியவர்களில் 100-க்கு சுமார் 32 பேர். கீமோவில் தொடங்கியவர்களில் 16 பேர். இரண்டு மடங்கு. ஆனால், மீதி 68 பேரும் இருக்கிறார்கள். இன்னொன்று, ‘ஈஜிஎஃப்ஆர்’, ‘ஏஎல்கே’ என்ற மரபணு மாற்றம் இருப்பவர்களுக்கு, பிடி-எல்1 எவ்வளவு இருந்தாலும், பொதுவாக அதற்கான மாத்திரைதான் முதலில். ஆகவே, அந்த ரிசல்ட்டும் வந்துவிட்டதா என்று கேட்பது முக்கியம்.

இந்த இடத்தில் ‘இம்யூனிட்டி பூஸ்டர்’ விவகாரத்தைச் சொல்லாமல் போக முடியாது. புற்றுநோய் என்று தெரிந்த மறுநாளே ஃபேமிலி குரூப்பில் பவுடர், கஷாயம், ஜூஸ் எல்லாம் வரிசையாக வந்துவிடும். அனுப்புகிற பெரியப்பா, சித்தி எல்லோரும் அன்பாகத்தான் அனுப்புகிறார்கள். ஆனால், கால் பிரேக்கில் இருக்கும்போது பெட்ரோல் ஊற்றி என்ன பயன்? சில பேருக்குக் கெடுதலும் உண்டு. கொரோனா நேரத்தில் சீந்தில் கஷாயத்தைத் தொடர்ந்து குடித்த சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021-ல் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை, வாதம் நடந்தது. என் தரப்பில் கேட்பது இவ்வளவுதான்: எதைக் குடித்தாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

எதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டிவிட்டு, அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதித்து, புற்றுநோயை அடிக்கும் முறை மருத்துவத்திலும் உண்டு. குழந்தைக்குப் போடும் பிசிஜி தடுப்பூசி மருந்தை, சிறுநீர்ப்பையில் தோன்றும் ஆரம்பநிலைப் புற்றுநோய்க்கு 1970-களிலிருந்து பயன்படுத்துகிறார்கள். அந்த மருந்தைத் தயாரிக்க கிண்டியில் 1948-லேயே ஆய்வகம் தொடங்கினார்கள். நம்ம ஏரியாவுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது. ஆவடியில் இருந்த தொழுநோய் ஆய்வுப் பிரிவு 1991-ல் சுமார் 1.7 லட்சம் பேரிடம் தொழுநோய்த் தடுப்பூசி சோதனை ஒன்றைத் தொடங்கியது. அதில் போட்டுப் பார்த்தவற்றில் ஒன்று, டாக்டர் ஜி.பி.தல்வார் உருவாக்கிய ‘எம்.டபிள்யூ’. அதே பாக்டீரியாவைப் பின்னாளில் நுரையீரல் புற்றுநோயில் கீமோவோடு சேர்த்துச் சோதித்தார்கள். அந்த ஆவடிப் பிரிவு பிறகு, இப்போது அயப்பாக்கத்தில் இருக்கும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தோடு இணைந்துவிட்டது. தினமும் பஸ்ஸில் கடந்து போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ!

இனி எல்லோரும் கேட்கத் தயங்கும் விஷயம்: பணம். முழு அளவு இம்யூனோதெரபி என்றால் லட்சக்கணக்கில் போகும். தேவைப்படுகிறவர்களில் 100-க்கு 3 பேருக்கும் குறைவானவர்களுக்குத்தான் நம்மைப் போன்ற நாடுகளில் இது கிடைக்கிறது என்று டாடா மெமோரியல் மருத்துவர்களே எழுதினார்கள். எழுதியதோடு விடவில்லை, ஒரு சோதனையும் செய்தார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த ஆய்வு அதுதான்.

வாய், தொண்டைப் புற்றுநோய் முற்றிய நிலையில் இருந்த 151 பேர். மாவா, பான் மசாலா புழங்கும் நம் ஊருக்கு மிக நெருக்கமான நோய். இந்திய ஆண்களிடம் அதிகம் காணப்படுவது வாய்ப் புற்றுநோய்தான். ஒரு பாதிப் பேருக்கு விலை குறைந்த மாத்திரைகள் மட்டும். மறு பாதிக்கு அதே மாத்திரைகளோடு, 3 வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாப். வழக்கமான அளவு 2 வாரத்துக்கு 240 மில்லிகிராம். 6 வாரத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 720 மில்லிகிராமுக்குப் பதில் 40. பதினெட்டில் ஒரு பங்கு.

ஓராண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள், மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 16.3 சதவிகிதம், சிறு அளவு நிவோலுமாபும் சேர்ந்தவர்களில் 43.4 சதவிகிதம். 2022-ல் அமெரிக்காவின் புகழ்பெற்ற புற்றுநோய் மருத்துவ இதழில் இது வெளியானது. பெடலிலிருந்து காலை எடுக்க அத்தனை மருந்து தேவையா என்ற கேள்வியை அது உலகத்தின் முன் வைத்தது.

இதில் ஒரு ‘ஆனால்’ உண்டு. சிறு அளவையும் முழு அளவையும் நேருக்கு நேர் மோதவிட்ட சோதனை அல்ல இது. நுரையீரல் புற்றுநோய்க்கு அப்படியே பொருந்தும் என்றும் சொல்ல முடியாது. ஆகவே, ‘எனக்கும் 20 மில்லிகிராம் போதும்’ என்று நாமே முடிவு செய்ய வேண்டாம். பணம் இல்லையென்று சிகிச்சையையே விட்டுவிடும் முன், ‘குறைந்த அளவில் தர வழி இருக்கிறதா சார்?’ என்று கேட்பதில் எந்தத் தவறும் இல்லை. எஸ்டேட்டில் வேலை பார்ப்பவர்கள் ஈ.எஸ்.ஐ. கார்டை எடுத்துக்கொண்டு போய் விசாரியுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் என்னென்ன வரும் என்பதையும் ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டு கவுன்ட்டரில் கேளுங்கள். மருந்து கம்பெனிகளே நடத்தும் உதவித் திட்டங்களும் உண்டு. பிடி-எல்1-ஐத் தடுக்கும் துர்வலுமாப் மருந்துக்கு 2024 ஜூலை பட்ஜெட்டில் சுங்க வரி முழுதாக நீக்கப்பட்டதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆராய்ச்சி இப்போது மற்ற பிரேக்குகளின் பக்கம் திரும்பியிருக்கிறது. ‘லேக்-3’ என்ற புரதத்தைத் தடுக்கும் மருந்துக்கு 2022-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ‘டிம்-3’ வரிசையில் நிற்கிறது. அதை 2002-ல் அடையாளம் கண்டது ஹார்வர்டில் விஜய் குச்ரூவின் குழு. ஹிசாரில் கால்நடை மருத்துவம் படித்தவர் அவர்! 2025 மருத்துவ நோபலும் இந்தப் பக்கம்தான். மற்ற டி செல்களை அடக்கிவைக்கும் ‘ரெகுலேட்டரி’ டி செல்களையும், அவற்றை இயக்கும் ‘ஃபாக்ஸ்பி3’ மரபணுவையும் கண்டுபிடித்த சகாகுச்சி, பிரன்கோ, ராம்ஸ்டெல் மூவருக்கும் கிடைத்தது. பல புற்றுநோய்க் கட்டிகள் இந்த அடக்கிவைக்கும் செல்களைத் தங்களைச் சுற்றி வேலியாக நிறுத்திக்கொள்கின்றன. வேலியை மட்டும் பிரிப்பது எப்படி என்பதுதான் இப்போதைய தேடல்.

பிரேக்கை எடுத்தால் வண்டி எங்கேயும் மோதலாம் என்பதை மறக்க வேண்டாம். தூண்டப்பட்ட டி செல்கள் தைராய்டு, குடல், நுரையீரல், கல்லீரல், தோல் எதையும் தாக்கலாம். மருந்தை நிறுத்திப் பல மாதம் கழித்தும் இது வரலாம். நிற்காத பேதி, புதிதாக மூச்சுத் திணறல், உடம்பெங்கும் தடிப்பு, காரணமில்லாத கடும் சோர்வு வந்தால் பக்கத்துக் கடையில் மாத்திரை வாங்கிச் சமாளிக்காதீர்கள். ராத்திரி வேளையில் அவசரமாக ஆவடியிலோ பூந்தமல்லியிலோ ஏதோ ஒரு ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால், அங்கிருக்கும் டூட்டி டாக்டருக்கு உங்கள் கதை தெரியாது. ‘கீமோ எடுக்கிறார்’ என்று பொதுவாகச் சொல்லாமல், ‘இம்யூனோதெரபி எடுக்கிறார்’ என்று தெளிவாகச் சொல்லுங்கள். இரண்டுக்கும் சிகிச்சை வேறு. மருந்தின் பெயரையும் கடைசியாகப் போட்ட தேதியையும் ஒரு சீட்டில் எழுதி, ஆதார் கார்டோடு பர்ஸில் வைத்துக்கொள்வது நல்லது.