பயறுச் செடி அறிந்த அளவு

கல்வராயன் மலையில் கரியாலூரைச் சுற்றியுள்ள கொல்லைகளில் சாமை, மக்காச்சோளம், மரவள்ளி ஆகியவற்றோடு துவரை, மொச்சை, அவரை முதலிய பயறு வகைகளும் பயிராகின்றன. பயறுச் செடியின் வேரிலுள்ள சிறு முடிச்சுகள் நோயின் குறியல்ல. அவற்றுள் வாழும் நுண்கிருமிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைத் தழைச்சத்தாக மாற்றிச் செடிக்கு ஊட்டுகின்றன. ஜெர்மனி தேசத்து ஹெல்ரீகல், வில்பார்த் என்னும் இருவரும் 1886 முதல் 1888 வரையுள்ள ஆண்டுகளில் இதனை ருசுப்படுத்தினர். ஆயினும், முடிச்சு எவ்வளவு மிகுமோ அவ்வளவு நன்மை என்றும், அதன்மேல் யூரியாவும் இட்டால் இரட்டிப்பு நன்மை என்றும் குடியானவர்களில் பலர் எண்ணுகின்றனர். இவ்விரண்டு எண்ணங்களும் தவறானவை. பின்னது கைப்பொருளையும் வீணாக்குவது.

முடிச்சு செலவின்றி உண்டாவதன்று. வேர் கசியவிடும் ஒரு பொருளை மண்ணிலுள்ள ரைஸோபியம் என்னும் கிருமி உணர்ந்து, மறுமொழியாக வேறொரு பொருளை வெளியிடுகிறது. உடனே வேர்த்தூவி சுருண்டு கிருமிக்கு வழி விடுகிறது. உள்ளே திசு பெருகி முடிச்சாகிறது. அக்கிருமிக்குச் சோறிடுவது செடியே. இலை வெயிலில் சமைத்த சர்க்கரையில் ஒரு பகுதி இதற்குச் செலவாகிறது. முடிச்சுகள் அளவு கடந்தால் காய்க்குச் சேரவேண்டியது குறையும்.

ஆகையால் செடி தானே கணக்கு வைத்துக்கொள்ளுகிறது. முதல் முடிச்சுகள் தோன்றத் தொடங்கியதும் வேரிலிருந்து ஒரு சிறு புரதத் துணுக்கு நீர்க்குழாய் வழியே இலைக்கு ஏறுகிறது. இலை அதை உணர்ந்து, போதும் என்னும் குறிப்பை வேருக்கு அனுப்ப, புதிய முடிச்சுகள் தோன்றுவது அடங்குகிறது. மண்ணில் நைட்ரேட் மிகுந்திருப்பினும் செடி முடிச்சைக் குறைத்துவிடுகிறது. யூரியா மண்ணில் நைட்ரேட்டாக மாறுவது. எனவே அதை மிகுதியாக இடுபவர், காற்றிலிருந்து விலையின்றி வருவதைத் தடுத்து, அதனையே விலை கொடுத்து வாங்குகின்றனர்.

இந்தக் கட்டுப்பாட்டை இழந்த சோயாச் செடிகளை ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 1985-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நைட்ரேட் நிறைந்த இடத்திலும் அவற்றின் வேரில் முடிச்சுகள் மிகப் பலவாகத் தோன்றின. அச்செடியின் தண்டைச் சாதாரண வேரில் ஒட்டியபோதும் அவ்வாறே ஆயிற்று. அளவு வகுப்பது இலையே என்பது இதனால் விளங்கிற்று. ஆனால் அத்தனை முடிச்சுகள் இருந்தும் அச்செடிகள் செழிக்கவில்லை. அளவறியாத செல்வம் வறுமையாகவே முடிந்தது.

அப்படியாயின் தழையுரமே வேண்டாவோ எனச் சிலர் கேட்கலாம். முடிச்சு வேலை தொடங்கும்வரை இளஞ்செடிக்குச் சிறிது துணை வேண்டும். மானாவாரி உளுந்துக்கு ஹெக்டேருக்கு 12.5 கிலோ தழைச்சத்தும், அதற்கு இருமடங்காக 25 கிலோ மணிச்சத்தும் சிபாரிசு செய்யப்படுவது இக்கருத்துப் பற்றியே. ஏக்கர் கணக்கில் அந்தத் தழைச்சத்து ஏறக்குறைய 11 கிலோ யூரியாவே ஆகும். மணிச்சத்துக் குறைந்த நிலத்தில் முடிச்சும் நன்கு வேலை செய்யாது.

குடியானவர் செய்யத்தக்கது எளிது. ஒரு ஹெக்டேர் விதைக்கு 200 கிராம் ரைஸோபியம் பொட்டலங்கள் மூன்றை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையில் பூசி, நிழலில் உலர்த்தி, அன்றே விதைக்க வேண்டும். கொல்லையில் தண்ணீர் தேங்க விடலாகாது. இலை வெளிறினால் யூரியா மூட்டையை நாடுமுன், பூக்கும் தருணத்தில் ஓரிரு செடிகளை மண்வெட்டியால் வேரோடு எடுத்துக் கழுவி, முடிச்சை நகத்தால் கீறிப் பார்க்கவேண்டும். உள்ளே இளஞ்சிவப்பாயின் அது வேலை செய்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் வேலை செய்யவில்லை. எண்ணிக்கையைவிட நிறமே சரியான சாட்சி.

மலைமேல் ஏற்றும் ஒவ்வொரு மூட்டைக்கும் விலையோடு ஏற்றுக்கூலியும் சேருகிறது. சிறு நிலமுடையவர்க்கு அது பெரும் பாரம். செடி தன் அளவை அறியும். அதனை நம்பி, வேண்டிய துணையை மட்டும் செய்வதே இலாபகரமான விவசாயமாகும்.