இருப்பவர் கேட்டால் வேஷமா?

ஏற்றத்தாழ்வை எதிர்த்து ஒரு பணக்காரர் வாய் திறந்தால் போதும், "முதலில் உன் சொத்தை எழுதிக் கொடு, பிறகு பேசு" என்று பாய்கிறோம். இல்லாதவர் கேட்டால் வயிற்றெரிச்சல்; இருப்பவர் கேட்டால் வேஷம். இரண்டு தீர்ப்பையும் சேர்த்துப் பாருங்கள், பேசும் உரிமை ஒருவருக்கும் மிஞ்சவில்லை. நியாயம்போல ஒலிக்கும் இந்த வாதம் ஏற்றத்தாழ்வுக்குத்தான் காவல் நிற்கிறது.

ஆஸ்திரியாவின் மார்லீன் எங்கல்ஹார்னை எடுத்துக்கொள்வோம். பி.ஏ.எஸ்.எஃப். ரசாயன நிறுவனத்தைத் தொடங்கியவரின் வழிவந்தவர். பாட்டி இறந்ததும் பெருஞ்சொத்து வந்தது. அந்த நாடு 2008-லேயே வாரிசுரிமை வரியை விட்டுவிட்டது. உழைத்து வாங்கும் சம்பளத்துக்கு வரி உண்டு, பிறப்பால் வந்த கோடிகளுக்கு இல்லை. இது அநீதி என்று சொத்து வந்தவரே சொன்னார். அந்தச் சொத்தை யாருக்குப் பிரித்துக் கொடுப்பது என்று மக்களே முடிவுசெய்யட்டும் என்று 2024 ஜனவரியில் அவர் சார்பில் 10,000 பேருக்கு அழைப்பு போனது. அவர்களிலிருந்து தேர்வான 50 பேர் சால்ஸ்பர்க்கில் ஆறு வார இறுதிகள் கூடினார்கள். பயணச் செலவு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆள், வார இறுதிக்கு 1,200 யூரோ என்று எல்லா ஏற்பாடும் இருந்தது. சொத்துக்காரருக்கு மட்டும் அங்கே வாக்கு இல்லை. அந்த 50 பேரே 2.5 கோடி யூரோவை 77 அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். பணத்தோடு அதிகாரத்தையும் கைவிட்டவரை வேஷக்காரர் என்பது எப்படி?

"கொடுத்துவிட்டுப் பேசாமல் போகலாமே, போராட்டம் எதற்கு?" என்பார்கள். கொடை ஒருவர் மனசைப் பொறுத்தது. வரி எல்லோரையும் கட்டும் சட்டம். ஒருவர் தானம் செய்தால் அவர் சொத்து குறையும். பக்கத்து மாளிகையின் சொத்து வரியில்லாமலே பேரப்பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும். பணக்காரர் குரல் ஏழையின் மேடையைப் பிடித்துக்கொள்ளும் என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. ஆபத்து உண்மைதான். அதனால்தான் ஒரு கேள்வியை உரைகல்லாக வைத்துக்கொள்ள வேண்டும்: கேட்பது கிடைத்தால், கேட்டவருக்கு நஷ்டமா லாபமா? ஏழைக்காகக் கண்ணீர் விட்டுக்கொண்டே வரிச்சலுகைக்கு மனுப் போடுகிறவரை இந்தக் கேள்வி காட்டிக்கொடுத்துவிடும். "என்னிடம் வாங்குங்கள்" என்பவர் அதில் தேறிவிடுவார்.

இந்தியாவிலும் இறந்தவர் சொத்தின் மீதான எஸ்டேட் வரி 1985-ல் போனது. செல்வ வரி 2015 பட்ஜெட்டோடு முடிந்தது. சட்டத்தால் போனவை சட்டத்தால்தான் திரும்ப வரும். அவற்றைக் கேட்கும் கூட்டத்தில் கட்ட வேண்டியவரே வந்து நின்றால் இடம் விடுவோம். அவர் காரில் வந்தாரா, நடந்து வந்தாரா என்று பார்த்துக்கொண்டிருந்தால் சட்டம் அப்படியேதான் இருக்கும்.