பசுமை வரி யாருக்குச் சுமை?

புகை கக்குபவரே அதற்கு வரியும் செலுத்த வேண்டும் என்பது நியாயமே. நம் மாநிலத்தில் பழைய வாகனங்களுக்குப் பசுமை வரி ஏற்கெனவே உண்டு. 2021 ஜனவரியில் மத்திய அரசும் ஒரு திட்டத்தை முன்வைத்தது. எட்டு ஆண்டு கடந்த வாடகை, சரக்கு வாகனங்கள் தகுதிச் சான்றைப் புதுப்பிக்கும்போது சாலை வரியில் 10 முதல் 25 விழுக்காடு கூடுதலாகக் கட்டவேண்டும். மின்சார வாகனங்களுக்கு விலக்கு.

லாரி உரிமையாளர்கள் எதிர்த்தனர். இதை வெறும் சுயநலம் எனத் தள்ளிவிடலாமா? நமது விருத்தாசலத்தில் பழைய வேனில் பீங்கான் சாமான் ஏற்றிப் பிழைப்பவர், வசதியிருந்தால் புதியது வாங்க மாட்டாரா? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்!

2018இல் பிரான்சு நாட்டில் எரிபொருள் வரி உயர்வை எதிர்த்து மஞ்சள் அங்கியுடன் தெருவுக்கு வந்தவர்களில் பலர், வண்டியின்றி வேலைக்குப் போக முடியாத சிற்றூர்க்காரர்கள். அரசு அவ்வுயர்வைக் கைவிட நேர்ந்தது.

எனினும் அந்தப் புகையைச் சுவாசிப்பவர் யார்? சாலையோரம் நடந்து செல்லும் ஏழைகளும் பள்ளிப் பிள்ளைகளுமன்றோ! ஆகவே, வரி வேண்டாம் என்பதன்று என் கருத்து. அப்பணம் சிற்றூருக்குப் பேருந்தாகவும், பழைய வண்டியை மாற்ற எளிய கடனாகவும் மக்களிடமே திரும்பி வரவேண்டும். அப்போது எவரும் மனமுவந்து வரி செலுத்துவர் என்பதில் ஐயமில்லை.