ஸ்பீக்கரை மட்டும் விற்காதீர்கள்

ஆம்ப்ளிஃபயர், சிடி பிளேயர், டேப் டெக், இடுப்புயர ஸ்பீக்கர்கள் இரண்டு, பின்னால் தூசி படிந்த ஒயர்கள். எல்லாவற்றையும் தள்ளிவிட்டு ஒரே பெட்டிக்கு மாறப் பலருக்கும் ஆசை. ஹாலில் இடம் மிச்சமாகும், மறுப்பதற்கில்லை.

ஆசை பழையதுதான். ரேடியோவையும் ரெக்கார்ட் பிளேயரையும் ஒரே பெட்டியில் அடக்கிய எஸ்கே 4-ஐ ஜெர்மனியின் பிரவுன் நிறுவனம் 1956-லேயே விற்றது. ஒளிபுகும் மூடியைப் பார்த்து ‘ஸ்னோ ஒயிட்டின் சவப்பெட்டி’ என்று கிண்டலடித்தார்கள். அழகான பெட்டி; ஆனால் மோனோ.

ஸ்டீரியோவுக்கு இடைவெளிதான் உயிர். பிரிட்டிஷ் பொறியாளர் ஆலன் பிளம்லீன் 1931-ல் ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்ததன் அடிப்படையும் அதுவே. ஆறேழு அடி தள்ளி வைத்த இரண்டு ஸ்பீக்கர்களுக்கு எதிரே, இரண்டுக்கும் சம தூரத்தில் உட்கார்ந்தால், ஸ்பீக்கரே இல்லாத நடுவெளியில் பாடகர் நிற்பதுபோல் கேட்கும். ஓரடி அகலப் பெட்டி ஒலியைச் சுவரில் மோதவிட்டு வித்தை காட்டலாம்; அந்த இடத்தில் பாடகரை நிறுத்துவது கஷ்டம்.

இன்னொன்று, ஆயுள். பழைய ஆம்ப்ளிஃபயர் இரைந்தால் பெரும்பாலும் கெபாசிட்டர் மாற்றினால் போதும். செயலியை நம்பிய பெட்டி அப்படியல்ல: ஸ்பீக்கர் நிறுவனமான சோனோஸ் 2020 மே மாதத்தோடு தன் பழைய கருவிகள் சிலவற்றுக்குப் புதிய மென்பொருள் வசதிகளை நிறுத்தியது.

குறைக்கத்தான் வேண்டுமா? டேப் டெக் போகட்டும், சிடி பிளேயரும் போகட்டும். ப்ளூடூத்தோடு வரும் குட்டி ஆம்ப்ளிஃபயர் ஒன்றைப் பழைய ஸ்பீக்கர்களோடு இணைத்தால் அலமாரியில் ஒரு தட்டு காலி.