ஆலோசகர் நாற்காலியும் அலைமோதும் கரையும்

2004 டிசம்பர் 26ஆம் தேதி காலை ஆறரை மணியளவில் சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பூமி பிளந்தது. பேரலை நமது கரைக்கு வந்து சேரச் சுமார் இரண்டு மணி நேரம் பிடித்தது. அந்த நேரம் முழுவதிலும் தரங்கம்பாடி மீனவர்களுக்கு, “ஓடுங்கள்” என்று ஒரு சொல் வரவில்லை. அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அன்று ஜனாதிபதியாக இருந்தவர் டாக்டர் அப்துல் கலாம். ராமேஸ்வரத்துப் படகுக்காரர் மகன். தந்தையின் படகைப் புயல் கொண்டுபோனதைக் கண்டவர். அவர் மீது பழி போடுவது நமது நோக்கமல்ல. ஆனால் அவருடைய வாழ்க்கையை எடைபோட்டால், இந்த நாட்டின் விஞ்ஞானம் யாருக்கு எப்படி உழைத்தது என்பது விளங்கும்.

1963இல் தும்பாவில் முதல் ராக்கெட் பறந்தது. அதற்கு இடம் கொடுத்தவர்கள் யார்? மீனவர்கள். தங்கள் குடியிருப்பையும் மாதா கோயிலையும் கொடுத்தார்கள். கலாம் அங்கே வேலை செய்த இளம் எஞ்சினீயர்களில் ஒருவர். அவர் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3 ராக்கெட் 1979 ஆகஸ்ட் 10ஆம் தேதி கடலில் விழுந்தது. யாரும் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை. தலைவர் சதீஷ் தவான் பொறுப்பைத் தாமே ஏற்றார். 1980 ஜூலை 18ஆம் தேதி ரோகிணி வானேறியது. பணம், ஆள், கெடு, பொறுப்பாளர், தோல்வியைத் தாங்கும் பொறுமை, இவ்வளவையும் சர்க்கார் கொடுத்தது. வெற்றி வந்தது. 1989இல் அக்னியும் பறந்தது.

1992இல் அவர் பாதுகாப்பு மந்திரியின் விஞ்ஞான ஆலோசகரானார். 1999இல் சர்க்காரின் முதலாவது தலைமை விஞ்ஞான ஆலோசகரானார். இடையே, 1996இல், அவர் முன்னின்று தயாரித்த ‘2020 தொலைநோக்கு’ அறிக்கைகள் வெளிவந்தன. விவசாயம், உணவு, சுகாதாரம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் ஏவுகணைக்குக் கிடைத்தது பட்ஜெட். கிராமத்துக்குக் கிடைத்தது புத்தகம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

சுனாமி எச்சரிக்கை நிலையம் பசிபிக் கடலில் 1949 முதலே இருந்தது. இந்துமகா சமுத்திரத்தில் இல்லை. நமக்கு அறிவு இல்லையா? அக்னியை விட்ட நாட்டுக்கு அறிவு இல்லை என்று யார் சொல்வார்? சாவு விழுந்த பிறகு, 2007இல், ஐதராபாத்தில் அந்த நிலையம் வந்துவிட்டது. மூன்றே ஆண்டில் முடிந்த காரியம் அதற்கு முன் ஏன் முடியவில்லை? திட்டம் தீட்டும் இடத்தில் ராணுவத்துக்குக் குரல் இருந்தது. கட்டுமரத்துக்குக் குரல் இல்லை. உண்மை அதுதான்.

செயற்கைக்கோள் இன்று மீன் கூட்டம் இருக்கும் இடத்தைச் சொல்கிறது; புயலைக் காட்டுகிறது. நல்லது, வரவேற்கிறோம். இன்னும் வேண்டும். ஆலோசகர் நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும், அவருக்கு எதிரே மீனவரும் விவசாயத் தொழிலாளியும் உட்கார இடம் வேண்டும். கரைக்கான ஒவ்வொரு திட்டத்துக்கும் ராக்கெட்டுக்கு இருந்ததுபோல் பணமும் கெடுவும் பொறுப்பாளரும் வேண்டும்.

தும்பா மீனவர் கொடுத்த நிலம் கடன். அந்தக் கடனைத் தரங்கம்பாடியிலும் தீர்க்க வேண்டும்.