பிடில்காரரின் பங்கு

“பக்கவாத்தியம்” என்ற சொல்லை நாம் சர்வசாதாரணமாகச் சொல்லுகிறோம். அதன் பொருளை எண்ணிப் பார்ப்பதில்லை. பாடகர் மேடையின் நடுவே அமர்கிறார். பிடில்காரர் ஒருபுறம், மிருதங்கக்காரர் மறுபுறம். கச்சேரி சிறந்தால் புகழ் பாடகருக்கு. “நிழல்போல் தொடர்ந்தார்” என்பதுதான் பிடில்காரருக்குக் கிடைக்கும் உயர்ந்த பாராட்டு. நிழலுக்குப் பாராட்டு உண்டு, உருவம் உண்டா?

இக்கேள்வி இசை மேடைக்கு மட்டும் உரியதன்று. பிறந்த மண்ணை விட்டு வேறோர் ஊரில் படிக்கவும் பிழைக்கவும் வந்திருக்கும் நம் போன்றவர்க்கும் உரியதே. நான் திருச்சானூரில் குடியிருப்பவன். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, வகுப்பில் ஆங்கிலம். வந்த இடத்தில் நாம் பக்கவாத்தியமா, பங்குடையவரா? விடை தேடும்போது என் நினைவுக்கு வருபவர் எல். சங்கர்.

லட்சுமிநாராயணா சங்கர் 1950இல் சென்னையில் பிறந்தார். தந்தை வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். ஆகவே பிள்ளைகளின் இளமை அங்கே கழிந்தது. 1958இல் இலங்கையில் தமிழர்மீது நடந்த கலவரத்திற்குப் பிறகு அக்குடும்பம் சென்னைக்குத் திரும்பியது. அண்ணன்மார் எல். வைத்தியநாதனும் எல். சுப்பிரமணியமும் பிடில் வித்தகர்களே. விஞ்ஞான மாணவர் மகிழத்தக்க செய்தி ஒன்று: சங்கர் பௌதிகத்தில் பட்டம் பெற்றவர். 1969இல் அமெரிக்கா சென்று, வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இசை ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டமும் பெற்றார்.

அங்கேதான் ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் ஜான் மக்லாக்ளினுடன் அவருக்குத் தொடர்பு ஏற்பட்டது. மக்லாக்ளின் அப்போதே உலகப் புகழ் பெற்றவர்; மின்சாரக் கிட்டாரின் பேரொலியால் அரங்குகளை அதிரச் செய்தவர். அப்படிப்பட்டவர் வெஸ்லியனில் டாக்டர் எஸ். இராமநாதனிடம் மாணவராக அமர்ந்து வீணை பயின்றார். சிலப்பதிகாரத்து இசையை ஆராய்ந்த அதே இராமநாதன்தான் அவர்.

இந்த நட்பில் பிறந்த இசைக்குழுவே “சக்தி”. சங்கரின் பிடில், மக்லாக்ளினின் கிட்டார், ஜாகிர் உசேனின் தபலா, விக்கு விநாயகராமின் கடம். தொடக்கத்தில் ராம்நாடு ராகவன் மிருதங்கம் வாசித்தார். 1975இல் நியூயார்க் மாநிலத்துக் கல்லூரி ஒன்றில் நடந்த கச்சேரியே அவர்களுடைய முதல் இசைத்தட்டாக வெளிவந்தது. 1977க்குள் மூன்று இசைத்தட்டுகள் வந்தன. கிழக்கும் மேற்கும் கூடிய இசையைப் பற்றிப் பேசுவோர் இன்றும் அம்மூன்றையும் தவிர்த்துப் பேச முடியாது.

இக்குழுவில் நான் வியப்பது இரண்டு. முதலாவது, இறங்கி வந்தவர் யார் என்பது. மேனாட்டாரோடு கூடினால் நம்மவர்தாம் தம் கருவியையும் நடையையும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது பலருடைய எண்ணம். இங்கே மாறியது கிட்டார்! கமகம் பிடிப்பதற்காக அதன் விரற்பலகை குழிவாகச் செதுக்கப்பட்டது. சித்தார் போன்று அதிர்ந்து துணை ஒலிக்கும் ஏழு தந்திகள் குறுக்கே கட்டப்பட்டன. மக்லாக்ளின் மேடையில் சம்மணமிட்டு அமர்ந்தார். சங்கர் தம் இராகத்தையும் தாளத்தையும் விடவில்லை; மற்றவர் இசையிலிருந்து கற்க மறுக்கவும் இல்லை.

இரண்டாவது, பெயர். அவ்விசைத்தட்டுகளில் பல உருப்படிகளுக்கு இயற்றியவர் என்று மக்லாக்ளின் பெயரோடு சங்கர் பெயரும் அச்சிடப்பட்டிருக்கிறது. வாசித்தவர் என்ற அளவில் அன்று, ஆக்கியவர் என்று! நம் விஞ்ஞானத் துறையில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையில் இருவர் உழைத்திருக்க ஒருவர் பெயர் மட்டும் வந்தால் எவ்வளவு வேதனை! இசைக்கும் அதே நீதிதான்.

“கருநாடக இசையைக் கலப்படம் செய்துவிட்டார்கள்” என்று குறை கூறுவோர் உண்டு. அவர்களை நான் ஒன்று கேட்க விரும்புகிறேன். பிடில் எந்த ஊர்க் கருவி? முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பியரிடம் கற்று நம் இசைக்குக் கொண்டுவந்த கருவி அன்றோ அது? தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு அதில் தேர்ந்து, சுவாதித் திருநாள் மன்னரிடம் தந்தத்தால் ஆன பிடிலைப் பரிசாகப் பெற்றது 1834இல். இரு நூற்றாண்டுக்குள் அக்கருவி இல்லாமல் கச்சேரியே இல்லை என்றாகிவிட்டது. வேரை விடாமல் கொள்வது கலப்படம் ஆகாது, வளர்ச்சி ஆகும்.

“மூன்றே ஆண்டில் கலைந்த குழு ஒரு வெற்றியா?” என்று கேட்பாரும் உளர். குழு கலைந்தது உண்மை. ஆனால் சங்கர் கலையவில்லை. 1979இல் பிராங்க் சப்பா தயாரித்த இசைத்தட்டில் தனித்து நின்றார். 1989இல் பீட்டர் கேப்ரியல் வெளியிட்ட “பேஷன்” என்னும் திரைப்பட இசையில் அவருடைய பிடில் ஒலிக்கிறது. இடையே 1980இல் புதுக் கருவி ஒன்றையே உருவாக்கினார். இரண்டு கழுத்தும் பத்துத் தந்தியும் கொண்ட இரட்டைப் பிடில் அது. அவர் வகுத்த அமைப்பின்படி கென் பார்க்கர் என்பவர் செய்து தந்தார். பிடிலின் உச்சக் குரலிலிருந்து பெரிய பாஸ் பிடிலின் அடிக்குரல்வரை அதில் பேசும். பௌதிக மாணவர் இதன் அருமையை எளிதில் அறிவர். ஒரே நீளமும் ஒரே இழுவிசையும் உள்ள தந்தியை இரண்டு ஸ்தாயி கீழே ஒலிக்கச் செய்ய வேண்டுமானால், அதன் எடை பதினாறு மடங்காக வேண்டும்! சிறிய கருவியில் இவ்வளவு தாழ்ந்த குரலை அடக்குவது விளையாட்டன்று.

சக்தியும் அடியோடு மறையவில்லை. 1997இல் மீண்டும் எழுந்தது. சங்கர் அதில் இல்லை. நம் ஆந்திரத்துப் பாலகொல்லில் பிறந்த மாண்டலின் சீனிவாசன் பின்னர் வந்து சேர்ந்து, 2014இல் தாம் மறையும்வரை அதன் உயிர்நாடியாக விளங்கினார். 2023இல் வெளிவந்த அதன் இசைத்தொகுப்பு 2024இல் கிராமி விருது பெற்றது. அதில் பிடில் வாசித்தவர் கணேஷ் ராஜகோபாலன். ஜாகிர் உசேன் அவ்வாண்டின் இறுதியில் காலமானார். ஆனால் சங்கர் முதலில் அமர்ந்த அந்த இடத்தில் மீண்டும் ஒரு தமிழ் வில் இழைந்தது.

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். சென்ற ஆண்டு ஒரு மாணவர் விழாவில் புதிய பாட்டு ஒன்று கைதட்டல் பெற்றது. அறிவிப்பாளர் பாடியவர் பெயரைச் சொன்னார். எழுதியவர் பெயரைச் சொல்லவில்லை. எழுதியவர் கடைசி வரிசையில் நின்று தாமும் கைதட்டிக்கொண்டிருந்தார். அதன் பிறகு அவர் ஒரு வரியும் எழுதவில்லை. யாரும் அவரைத் தடுக்கவில்லை; யாரும் அவரைக் கேட்கவும் இல்லை. திறமை இப்படித்தான் ஓசையின்றி அவிந்துபோகிறது.

இத்தனைக்கும் நாம் வாழ்வது எந்த ஊரில்? அன்னமாச்சாரியாரின் கீர்த்தனங்களைச் செப்பேட்டில் வெட்டி வைத்த ஊரில்! நூற்றாண்டுகள் பலவாகத் திருமலையில் கிடந்த அச்செப்பேடுகள் 1920களில் வெளிச்சத்துக்கு வந்தன. ஆயிரக்கணக்கான பாடல்கள் அவற்றால் பிழைத்தன. இன்று அலர்மேல்மங்கையின் சந்நிதியில் அவர் பாட்டைக் கேட்கும் எவரும் “யார் பாட்டு?” என்று திகைப்பதில்லை. செப்பேட்டில் வெட்டத் தெரிந்த ஊரில், நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி அச்சிட நமக்கு மனமில்லையா?

ஆகவே நம் சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள் விடுக்கிறேன். ஆண்டு விழாவில் பாடப்படும் ஒவ்வொரு பாட்டுக்கும் இயற்றியவர், இசையமைத்தவர் பெயர்களை அச்சிட வேண்டும். அது திரைப்பாட்டாயினும் சரியே. மாணவர் தாமே இயற்றிய பாட்டு ஒன்றேனும் ஆண்டுதோறும் அரங்கேற வேண்டும். மூன்றாவதாக, தெலுங்கு மாணவரையும், திருப்பதி இசை நாட்டியக் கல்லூரி மாணவரையும் அழைத்து ஒரு கூட்டு இசைக்குழு அமைக்க வேண்டும். அதில் அவர்கள் விருந்தினரும் அல்லர். நாம் பக்கவாத்தியமும் அல்லோம். அவர்கள் நம் பண்ணைக் கற்கட்டும். நாம் அவர்கள் பதத்தைக் கற்போம்.

“தமிழ்ச் சங்கத்தில் தெலுங்குக்கு என்ன வேலை?” என்று சிலர் முகம் சுளிக்கலாம். தன் மொழியில் உறுதி உள்ளவன் அடுத்தவன் மொழிக்கு அஞ்சமாட்டான். சங்கர் தம் இசையில் உறுதியாக நின்றதால்தான் மற்றவரோடு சரிநிகராக அமர முடிந்தது. நண்பர்களே, நிழலாகத் தொடர்ந்தது போதும். நம் பங்கைச் செய்வோம். அதன் கீழ் நம் பெயரையும் எழுதுவோம்.