தானாக நிற்கும் கார்

கடந்த மாதம் அக்கா ஒருவரைக் கிளிநொச்சி வைத்தியசாலைக் கிளினிக்குக்கு அலுவலகக் காரில் கூட்டிச் சென்றேன். ஓடியது நான்தான். 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்படுவதற்கு முன்னர் ஜப்பானிலிருந்து வந்த பாவித்த கார் அது. பரந்தன் சந்தியை நெருங்கும்போது முன்னால் போன பஸ் சடுதியாக நின்றது. கார் பீப் பீப் என்று கத்தி, நான் மிதிப்பதற்கு முன்னரே பிறேக் பிடித்துவிட்டது. பக்கத்தில் பார்த்தால் அக்கா இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்திருந்தார். 2009 இல் மாத்தளனில் இருந்து வந்தவர். சத்தம் கேட்டால் கை தானாகத் தலைக்குப் போய்விடுகிறது.

காரை ஓரமாக நிறுத்தித் தண்ணீர் கொடுத்தேன். பிறகு விளங்கப்படுத்தினேன். முன்கண்ணாடியின் உட்புறம் மேலே ஒரு சிறிய பெட்டி இருக்கிறது. அதிலிருந்து போகும் லேசர் ஒளி முன்னால் நிற்கும் வாகனத்தில் பட்டுத் திரும்பி வரும். இடைவெளி திடீரெனக் குறைந்தால் முதலில் எச்சரிக்கும்; பிறகு தானே பிறேக் பிடிக்கும்.

"அப்ப மாட்டுக்கும் நிக்குமோ, மிஸ்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. காரோடு வந்த கைநூல் முழுக்க ஜப்பான் மொழி. அடுத்த நாள் கராஜ் தம்பியிடம் கேட்டேன். எங்கள் காரில் இருப்பது பழைய வகையாம். மணிக்கு 30 கிலோமீற்றருக்குக் குறைந்த வேகத்தில்தான் தானாகப் பிடிக்கும். அதுவும் வாகனங்களுக்கு. மாடு, சைக்கிள், நடந்து போகிறவர்கள் இவற்றுக்கு நிற்கும் என்று நம்பவே கூடாது. பின்னர் வந்த, கமரா உள்ள கார்கள் பல ஆட்களையும் அடையாளம் காணும். ஆனால் கடும் மழையிலும் அழுக்குக் கண்ணாடியிலும் அவையும் தடுமாறும்.

வெட்கத்தோடு சொல்கிறேன், அதுவரை முல்லைத்தீவு வீதியில் இரவில் 60 இல் ஓடும்போதும் "கார் பார்த்துக்கொள்ளும்" என்று கொஞ்சம் அசட்டையாக இருந்திருக்கிறேன். அந்த வீதியில்தான் மாடுகள் தாரில் படுத்துக் கிடக்கும். வேலை முடிந்து லைட் இல்லாத சைக்கிளில் பெண்கள் வீடு திரும்புவதும் அதே வீதியில்தான். (சைக்கிளில் போகும் சகோதரிகளே, பின் மட்காட்டில் ஒரு சிவப்பு றிஃப்ளெக்டராவது பூட்டுங்கள். சாரதியின் கண்ணுக்காவது நீங்கள் தெரிய வேண்டும்.)

சத்தத்தை நிப்பாட்டேலாதோ என்று அக்கா கேட்டார். பொத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் காரில் அதை அழுத்தினால் பிறேக் உதவியும் சேர்ந்து போய்விடும். ஆகவே நிறுத்தவில்லை. இப்போது யாரை ஏற்றினாலும் புறப்படுமுன்னரே, "இந்தக் கார் இடையில கத்தும், திடீரெண்டு இழுத்துப் பிடிக்கும், பயப்பட ஒண்டுமில்லை" என்று சொல்லிவிடுகிறேன். சீற் பெல்ற் போட்டாயிற்றா என்றும் பார்க்கிறேன்.

போன கிழமையும் அக்காவுக்குக் கிளினிக். திரும்பும்போது இருட்டிவிட்டது. விசுவமடு தாண்டியதும், "மிஸ், மாடு!" என்றார். கார் கத்தவேயில்லை. நான் பிறேக்கை மிதித்தேன்.